12 முதல் 15 வயதுப் பிள்ளைகளோடு நிற்பது எப்படி: வன்னிச் சபைகளின் வாலிபர் ஊழியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு பாடசாலைக்கு வளர்ந்துவிட்டார்கள், வாலிபர் கூட்டத்துக்கு இன்னும் சின்னவர்கள். தரம் 7 முதல் தரம் 10 வரையான பிள்ளைகள் எங்கள் சபைகளில் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். ஆராதனை நேரத்தில் பின் வாங்கில் இருப்பார்கள், பிரசங்கம் நீண்டால் ஒவ்வொருவராக எழும்பி வெளியே சைக்கிள் நிறுத்திய மரத்தடிக்குப் போவார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் உறுதிபூசுதல் முடிந்த கையோடு மறைக்கல்விப் பக்கம் வருவதே குறைந்துவிடும். "இந்தக் காலத்துப் பெடியள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

இந்த வழிகாட்டி, அந்த மரத்தடிக்குப் போய் அவர்களோடு நிற்க முன்வரும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் எழுதியது. கிளிநொச்சி நகரத்துப் பெரிய சபையாக இருந்தாலும், ஒட்டுசுட்டான் பக்கம் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். காசு அதிகம் தேவைப்படாது. காலம் தேவைப்படும்.

ஏன் காலம் என்கிறேன் என்றால், வன்னிப் பிள்ளைகளுக்கு வந்து போகிறவர்கள் புதிதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ திட்டங்கள் இங்கே வந்தன. பதாகை கட்டினார்கள், பயிற்சி தந்தார்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், திட்டக்காலம் முடிந்ததும் போனார்கள். அவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர், அவர்கள் செய்த உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தன் மனதில் கிடப்பதைச் சொல்ல ஒரு வருடம், சிலவேளை இரண்டு வருடம் எடுக்கும். அதற்குள் கேட்டவர் போய்விட்டால் அந்தப் பிள்ளை அடுத்தவரிடம் இன்னும் தாமதமாகத்தான் வாய் திறக்கும். ஆகவே இந்த ஊழியத்துக்கு வரும் ஆளிடம் பாட்டு, பேச்சு, கிற்றார் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் நிற்பாரா?

படி 1: எவ்வளவு காலம் நிற்பீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

குறைந்தது இரண்டு வருடம் தர முடியும் என்றால் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருப்பவர், வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருப்பவர், கொழும்பில் வேலை தேடுகிறவர் எல்லாரும் உதவியாளராக இருக்கலாம், பொறுப்பாளராக வேண்டாம். இதைச் சபையின் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

தனியாகத் தொடங்க வேண்டாம். ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகக் குறைந்தது இருவர், முடிந்தால் நான்கு பேர். வயதில் 25க்கு மேற்பட்ட ஒருவராவது அதில் இருக்கட்டும். 18, 19 வயதுத் தம்பிமார் பிள்ளைகளோடு நன்றாக ஒட்டுவார்கள், ஆனால் ஒரு தகப்பன் குடித்துவிட்டு வந்து வாசலில் சத்தம் போடும் நேரத்தில் முன்னால் போய் நிற்க ஒரு பெரிய ஆள் வேண்டும். பிள்ளை வளர்த்த ஒரு அம்மா குழுவில் இருந்தால் அது பெரிய கொடை. அவருக்கு வேதபாடம் நடத்த வராது என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், பாடத்தை வேறு யாரும் நடத்தலாம்.

சபைக்குப் புதிதாக வந்த ஒருவரை, நன்றாகப் பாடுகிறார் என்பதற்காக, உடனே பிள்ளைகளிடம் விடக் கூடாது. ஆறு மாதமாவது சபைக்குள் அறிமுகமாகட்டும், முன்னர் இருந்த சபையிலும் ஊரிலும் விசாரியுங்கள். இதில் முகத்துக்கு அஞ்ச வேண்டாம்.

படி 2: பிள்ளைகளின் கிழமையைத் தெரிந்துகொண்டு நேரத்தை வையுங்கள்

ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் ஒரு கிழமையையும் எழுதுங்கள். எந்தப் பாடசாலை, எத்தனை கிலோமீற்றர், சைக்கிளா பஸ்ஸா, எந்த நாளில் ரியூசன், வீட்டில் யார் சமைப்பது, தண்ணி அள்ளுவது யார், தம்பி தங்கச்சியைப் பார்ப்பது யார். எழுதிப் பார்த்தால் சில விஷயம் உடனே தெரியும். அம்மா ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய முதல் பஸ் ஏறும் வீட்டில் 13 வயது மூத்த பெண்பிள்ளைதான் காலைச் சமையல். அவள் பிந்தி வருவது அசட்டையால் இல்லை. வயல் வேலைக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் சில பெடியள் இரண்டு மூன்று கிழமை காணாமல் போவார்கள், அதையும் இதே கொப்பியில் குறித்து வையுங்கள்.

எங்கள் பக்கம் பொருந்தும் நேரம் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு. பிள்ளைகள் ஏற்கனவே வந்திருப்பார்கள், இன்னொரு பயணம் தேவையில்லை. பின்னேரம் வைப்பதானால் 5 மணிக்கு முடித்துவிடுங்கள். நெடுங்கேணி, மடு பக்கம் போன்ற காட்டோரக் கிராமங்களில் பொழுது பட்டால் யானை ரோட்டுக்கு வரும், தெருவிளக்கும் கிடையாது, பெண்பிள்ளைகளை அந்த நேரத்தில் தனியே சைக்கிளில் அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த மாதங்களில் சில ஊர்ப் பாதைகள் தண்ணிக்குள் போய்விடும், கூட்டத்தை நிறுத்தாமல் இரண்டு மூன்று வீடுகளில் சின்னச் சின்னதாக நடத்துங்கள்.

ஞாயிறு ரியூசன் பெரிய தலையிடி. ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம், பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் தனிக்குழு வைத்தால் போதும். இடமும் நேரமும் அடிக்கடி மாறக் கூடாது என்பதுதான் முக்கியம். மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். கூட்டம் குறைவு என்று அடைத்த கதவைக் கண்டு திரும்பிப் போன பிள்ளை அடுத்த கிழமை வருவது சந்தேகம்.

படி 3: முதல் கூட்டத்துக்கு முன்னமே பாதுகாப்பு விதிகள்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். "நாங்கள் எல்லாரும் விசுவாசிகள், எங்களுக்குள் இதெல்லாம் எதற்கு" என்று சபையில் ஒருவராவது கேட்பார். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைப்பவன் அந்த நம்பிக்கையைத்தான் தேடி வருகிறான். விதி நல்லவருக்கும் பாதுகாப்பு, வீண்பழியிலிருந்து அவரைக் காக்கும். எழுதி, போதகர் கையெழுத்தோடு, ஒரு பிரதியைப் பெற்றோருக்குக் கொடுங்கள்.

என்ன எழுத வேண்டும்? எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. தனியாகக் கதைக்க வேண்டுமானால் மற்றவர்கள் காணும் இடத்தில், மரத்துக்குக் கீழே இரண்டு கதிரை போட்டுக் கதைக்கலாம், காதில் விழாது, கண்ணில் படும். ஒரு பிள்ளையை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகக் கூடாது, மழையாக இருந்தாலும் தாய்க்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பெரியவர் இருவராகக் கூட்டிப்போங்கள். வட்ஸ்அப்பில் பிள்ளையோடு தனிப்பட்ட செய்தி வேண்டாம், பெற்றோரும் இரண்டு பொறுப்பாளர்களும் இருக்கும் குழுவில் மட்டும், இரவு 8 மணிக்குப் பிறகு அதுவும் இல்லை. அடி கிடையாது, காது முறுக்கல் கிடையாது, முழங்காலில் நிறுத்துவது கிடையாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடக் கூடாது. ஆதரவாளருக்கு அனுப்பும் படத்துக்கும் இதே விதிதான், பிள்ளையின் ஏழ்மையைக் காட்டிக் காசு கேட்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அவமானம்.

சரி, ஒரு பிள்ளை வந்து உங்களிடம் சொல்கிறது. பெரும்பாலும் நேரே சொல்லாது. எல்லாரும் போன பிறகும் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்கும். "அக்கா, நீங்கள் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்கள்தானே?" என்று தொடங்கும். அந்த இடத்தில் "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யக் கூடிய ஆளுக்குச் சொல்ல வேண்டி வந்தால் சொல்லுவேன் அம்மா, சொல்ல முதல் உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக் கேளுங்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்ட வேண்டாம். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், விசாரணை உங்கள் வேலை இல்லை. "நீ சொன்னது நல்லது, இதில் உன்னுடைய பிழை ஒன்றும் இல்லை" என்ற இரண்டையும் அந்தப் பிள்ளை உங்கள் வாயால் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் திகதி போட்டு, பிள்ளை சொன்ன அதே சொற்களில் எழுதி வையுங்கள்.

அன்றே பொறுப்பானவருக்குச் சொல்லுங்கள். 1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், 24 மணி நேரமும் இலவசமாக எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 119. இந்த எண்களைச் சபை அறிவித்தல் பலகையில், பிள்ளைகள் கண்ணில் படுமாறு, பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறேன். துன்புறுத்தியவரையும் பிள்ளையையும் போதகர் முன்னால் இருத்தி, ஜெபித்து, மன்னிப்புக் கேட்கவைத்து விஷயத்தை முடிக்கும் பழக்கம் பாவம். செய்தவர் மூப்பராக இருந்தாலும், காணிக்கை அதிகம் போடுபவராக இருந்தாலும், பிள்ளையின் சொந்த மாமாவாக இருந்தாலும் அப்படித்தான். 16 வயதுக்குட்பட்ட சிறுமியோடு உறவு கொள்வது இலங்கைச் சட்டத்தில் குற்றம், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சு எடுபடாது. திருமண வயது 18. "மானம் போகுது, கட்டிவைச்சு விடுவம்" என்று குடும்பமே கேட்டாலும் சபை அதற்குத் துணை போகக் கூடாது. மன்னிப்பைப் பற்றிப் பிள்ளையிடம் பேசும் உரிமை அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் கிடையாது.

படி 4: கூட்டத்தை எப்படி நடத்துவது

ஒன்றரை மணித்தியாலம் போதும். வந்ததும் முதலில் சாப்பாடு. பசியோடு வரும் பிள்ளை உங்கள் பாடத்தைக் கேட்காது. பணிஸும் பிளேன்ரீயும் போதும், அல்லது அவித்த கடலை, மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். சபைத் தாய்மாரிடம் முறை வைத்துக் கேட்டால் தருவார்கள். கேக் வாங்க ஆதரவாளர் தேட வேண்டியதில்லை.

பிறகு விளையாட்டு, அரை மணித்தியாலம். கிளித்தட்டு இந்த வயதுக்கு மிகப் பொருத்தம். மணலில் கோடு கீறினால் போதும், ஆணும் பெண்ணும் தனித்தனி அணியாக விளையாடலாம், மெலிந்த பிள்ளைக்கும் இடம் இருக்கும். கிரிக்கெட் மட்டும் என்றால் நன்றாக அடிக்கும் நாலு பெடியளின் கூட்டமாக அது மாறிவிடும். விளையாட்டு நேரத்தில் பொறுப்பாளர்கள் ஓரத்தில் போன் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. யார் யாரை ஒதுக்குகிறார்கள், யாருடைய செருப்பு அறுந்திருக்கிறது, யார் கையை உயர்த்தும்போது முகம் சுளிக்கிறார் எல்லாம் அங்கேதான் தெரியும்.

அதன் பிறகு வேதம். 15 நிமிடத்துக்கு மேல் ஒருவரும் தனியே பேச வேண்டாம். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டிருக்க, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் இருந்தபடியே நித்திரையாகி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பவுல் பேச்சை விட்டுவிட்டு இறங்கிப் போய் அவனைக் கட்டிப்பிடிக்கிறார். பவுலே இறங்கிப் போனார், நாங்களும் பிள்ளை விழுந்த இடத்துக்கு இறங்கிப் போகலாம்.

ஒரு கதையை வாசிக்கவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். உதாரணமாக லூக்கா 2ஆம் அதிகாரம், இயேசு 12 வயதில் எருசலேமில் தங்கிவிடுவது. "தாய் தகப்பன் எத்தனை நாள் தேடினார்கள்?" என்று கேட்டால் ஒரே ஒரு பதில் வரும், அதோடு முடிந்தது. "நீங்கள் மரியாளாக இருந்தால் கண்டதும் முதலில் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டால் ஒரு பெடியன் "ரெண்டு அடி போட்டிருப்பன்" என்பான், எல்லாரும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை "என்ரை அம்மா தேடவே மாட்டா" என்று சொல்லக் கூடும். அப்போது அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். பாடத் திட்டத்தை மூடிவையுங்கள். ஆனால் எல்லார் முன்னாலும் அந்தப் பிள்ளையைத் தோண்டவும் வேண்டாம். "அது கஷ்டமான விஷயம், பிறகு உன்னோடு கதைக்க விருப்பம்" என்று சொல்லி, சொன்னபடி கட்டாயம் கதையுங்கள்.

கேள்வி கேட்டதும் ஒருவரும் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் சரியான பதிலைத்தான் சொல்லிப் பழகியவர்கள், பிழையாகச் சொன்னாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நம்ப அவர்களுக்குச் சில மாதம் எடுக்கும். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்துப் பெயர் போடாமல் கேள்வி எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் வரும் கேள்விகளைப் பார்த்தால் அடுத்த ஆறு மாதப் பாடம் தானாகக் கிடைக்கும்.

படி 5: வீடுகளுக்குப் போங்கள்

மாதம் ஒரு முறை ஒரு வீடு என்றாலும் போங்கள், எப்போதும் இருவராக. வைபவம் மாதிரி அறிவித்துக்கொண்டு போக வேண்டாம், ஆனால் தாய்க்கு முன்னமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சீனி இல்லாத நாளில் அவரைச் சங்கடப்படுத்துவீர்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்றைத் தாய்க்கு முன்னால் சொல்லுங்கள். சபை ஆட்கள் வந்தால் முறைப்பாடோடுதான் வருவார்கள் என்று பயந்து போயிருக்கும் தாய்க்கு அது பெரிய விஷயம்.

பல வீடுகளில் அம்மம்மாதான் வளர்க்கிறார். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் இல்லை அல்லது வேறு குடும்பம். அப்படியென்றால் அம்மம்மாவோடு இருந்து கதையுங்கள், அவருடைய பிள்ளை வளர்ப்பைத் திருத்தப் போகாதீர்கள்.

இன்னொன்று. வன்னியில் உங்கள் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் சைவ வீட்டுப் பிள்ளைகள். சிநேகிதரோடு விளையாட வந்து பழகியவர்கள். பெற்றோரிடம் நேரே போய், நாங்கள் யார், என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று திறந்து சொல்லிச் சம்மதம் கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான். அப்பியாசக் கொப்பி, சப்பாத்து கொடுப்பதை வருகையோடு முடிச்சுப் போடாதீர்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் தாயோடு போகும் பிள்ளையிடம் கோயிலைப் பழித்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. தாய்க்கு ஒளித்து ஞானஸ்நானம் என்ற பேச்சே வேண்டாம். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் ஊழியத்தை நான் ஊழியம் என்று சொல்ல மாட்டேன்.

படி 6: வீட்டுக்குள் கிடக்கும் போர்

இன்று இந்த வயதில் இருப்பவர்கள் 2009 மேக்குப் பிறகு பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலை அவர்கள் காணவில்லை, செட்டிகுளம் முகாம் கூடாரத்தை அறியவில்லை. ஆனால் தகப்பனின் காலில் இன்னும் சன்னத் துண்டு இருக்கிறது. சுவரில் மாலை போட்ட ஒரு படமும், மாலை போடாத ஒரு படமும் இருக்கிறது. மாலை போடாத படத்தில் இருப்பவர் எங்கே என்று பிள்ளை ஒரு தரம் கேட்டிருக்கும், அம்மா எழும்பிக் குசினிக்குள் போயிருப்பார், அதற்குப் பிறகு பிள்ளை கேட்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த அம்மம்மாமார் எங்கள் சபைகளிலும் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் பொறுப்பாளர் செய்யக் கூடாதது விளக்கம் சொல்வது. "தேவசித்தம்", "அவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்", "பழசை மறந்துவிடுங்கள்" என்று சொல்லித் தப்பிவிடாதீர்கள். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். சங்கீதம் 13ஐ வாசியுங்கள், "எதுவரைக்கும்" என்று அந்த மனிதர் கடவுளிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறார். சங்கீதம் 88ஐ வாசியுங்கள், அது ஆறுதல் வராமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. பிள்ளைகள் விரும்பினால் தங்கள் வீட்டில் இழந்தவரின் பெயரை எழுதி ஜெபத்தில் வைக்கலாம். விரும்பாத பிள்ளையை விடுங்கள். அரசியல் பேச்சுக்கு அந்த நேரத்தைக் கொடுக்காதீர்கள், நாளைக்கு யாரோ வந்து விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் குடும்பங்கள்தான்.

பிள்ளை வழமையாக இருப்பதை விட மாறினால் கவனியுங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, நெருங்கிய சிநேகிதரையும் விட்டு ஒதுங்குவது, வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டுக் கையை மறைப்பது, தனக்கு விருப்பமான பொருட்களை மற்றவருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" மாதிரியான பேச்சு. சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் பிள்ளைக்குத் தெரியும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டுக்குச் சொல்லி, வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை உடனே வீட்டிலிருந்து அகற்றச் சொல்லி, மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அங்கேயும் கதைக்கலாம்.

இதைப் பேய் என்று சொல்லி இரவிரவாக உபவாச ஜெபத்தில் பிள்ளையை நடுவில் இருத்திச் சத்தம் போடுவது சில இடங்களில் நடக்கிறது. வலிப்பு வரும் பிள்ளைக்கும் அதேதான். ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் ஓட்டோவில் இருந்தும் ஜெபிக்கலாம். டொக்டர் தந்த குளிசையை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

படி 7: போன், போதை, காதல்

மூன்றையும் பெரியவர்கள் ஒரே மூச்சில் திட்டுவதால் பிள்ளைகள் மூன்றையும் எங்களிடமிருந்து ஒரே மாதிரி ஒளிக்கிறார்கள். பிரித்துப் பேசுங்கள்.

போனில் பெரிய ஆபத்து தெரியாத ஆளோடு பழகிப் படம் அனுப்பிவிட்டு, பிறகு அந்தப் படத்தை வைத்து மிரட்டப்படுவது. பெடியளுக்கும் நடக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: அப்படி நடந்தால் காசு கொடுக்க வேண்டாம், இன்னொரு படம் அனுப்ப வேண்டாம், வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், உடனே எங்களிடம் வாருங்கள், ஏச மாட்டோம். அதற்கும் 1929 உதவும்.

ஐஸ், மாவா, கஞ்சா, கசிப்பு எல்லாம் பாடசாலை வாசலுக்கு வந்துவிட்டன. "நரகம்" என்று சொல்வதால் குறைந்ததாகத் தெரியவில்லை. யார் கொண்டுவந்து தருகிறார்கள், முதல் தரம் ஏன் சும்மா தருகிறார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்லிவிட்டு விலகுவது என்று நாடகமாக நடித்துப் பழக்குங்கள். விற்பவனைத் தெரிந்தாலும் பிள்ளையைத் தூது விடவோ சாட்சியாக்கவோ வேண்டாம், பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

காதல் இந்த வயதில் வரும். கடிதம் பிடிபட்டால் பிரசங்கத்தில் ஜாடையாகச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரியும், அந்தப் பெண்பிள்ளை பிறகு தேவாலயப் பக்கம் தலை வைக்க மாட்டாள். அக்கா ஒருவர் அவளோடு தனியே கதைக்கட்டும். கேட்கவேண்டிய முக்கிய கேள்வி: அந்த ஆளுக்கு என்ன வயது? 13 வயதுப் பிள்ளையின் பின்னால் 22 வயதுக்காரர் திரிகிறார் என்றால் அது காதல் இல்லை, படி 3க்குத் திரும்பிப் போங்கள்.

படி 8: வேலை கொடுங்கள், வெளியே கூட்டிப்போங்கள்

கதிரை அடுக்குவதும் மைக் வயர் சுருட்டுவதும் மட்டும் இந்த வயதுக்கு வேலை என்று வைத்திருக்கிறோம். உண்மையான பொறுப்புக் கொடுங்கள். கூட்டச் சில்லறைக் கணக்கை ஒரு பிள்ளை எழுதட்டும், ஆராதனையில் வேதபாடத்தை வாசிக்கட்டும், தனியே இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்கு இருவர் பெரியவரோடு போய்க் கிணற்றில் தண்ணி அள்ளிக் கொடுக்கட்டும். பிழை விட்டால் பறித்து நீங்கள் செய்யாமல் அடுத்த தரமும் அவர்களிடமே கொடுங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதல் நாளே பகுதியைக் கொடுத்துப் பழக்கிவிட்டு எழுப்புங்கள், சபை முன்னால் அவமானப்பட விடாதீர்கள்.

சுற்றுலா போவதானால் எழுத்தில் பெற்றோர் சம்மதம், ஒவ்வொரு பிள்ளையின் நோய், மருந்து விபரம், பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு தரமும் தலைக்கணக்கு. எங்கள் மண்ணுக்கென்று இரண்டு விதி கூடச் சேருங்கள். சிவப்பு நிற மிதிவெடிப் பலகை உள்ள இடத்தைத் தாண்டக் கூடாது, பலகை இல்லாத பற்றைக் காட்டுக்குள்ளும் பாதையை விட்டு இறங்கக் கூடாது, இரும்புத் துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும். மற்றது தண்ணி. குளம், வாய்க்கால், கடல் எதிலும் குளிப்பு நிகழ்ச்சி வைக்காதீர்கள். நீந்தத் தெரியும் என்று சொல்லும் பெடியன்தான் முதலில் ஆழத்துக்குப் போவான், இரணைமடு மாதிரிக் குளத்தில் கரையிலிருந்து எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று மேலே இருந்து தெரியாது. பாம்பு கடித்தாலோ விபத்து நடந்தாலோ 1990, அம்புலன்ஸ் இலவசம்.

படி 9: கைமாற்றிக் கொடுப்பது

ஒரு நாள் நீங்களும் போக வேண்டி வரும். கலியாணம், வேலை மாற்றம், உடம்பு முடியாமை. போகிற நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள், மூன்று மாதத்துக்கு முன்னமே சொல்லுங்கள், ஏன் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் பிள்ளை தன்னிலேதான் பிழை என்று நினைக்கும். அந்த மூன்று மாதமும் அடுத்த பொறுப்பாளர் உங்களோடு கூடவே வரட்டும், அவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப்போய்த் தாய்க்கு அறிமுகப்படுத்துங்கள்.

16 வயதாகி வாலிபர் கூட்டத்துக்குப் போகும் பிள்ளைக்கும் இப்படித்தான். ஒரு ஞாயிறு பெயரை வாசித்து அந்தப் பக்கம் தள்ளிவிடாமல், அங்கே இருக்கும் ஒரு அண்ணாவையோ அக்காவையோ ஒரு தவணைக்கு முன்னமே பழக்கிவிடுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வரும் கிழமையில் அந்த வீட்டுக்குப் போங்கள், சித்தியடையாத பிள்ளையின் வீட்டுக்கு முதலில்.

படி 2இல் எழுதிய கொப்பியைப் புதியவரிடம் கொடுக்கலாம்: பெயர், வீடு, பயணம், ரியூசன் நாள், யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யாருக்கு வலிப்பு, வயல் காலத்தில் யார் வர மாட்டார். பிள்ளைகள் நம்பிச் சொன்ன விஷயங்கள் அதில் இருக்கக் கூடாது. அவற்றை எழுதிய தாள்கள் போதகரின் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும், புதியவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அந்தந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.